டிரைவருக்காக நான் சொன்ன பொய்

இன்று அலோர் ஸ்டாரிலிருந்து திரும்பும்போது போக்குவரத்துப் பரிசோதகர் பஸ்ஸை நிறுத்தி என்னிடம் கேட்டார்: "அண்ணே, டிரைவர் எப்பலேருந்து ஓட்டுறாரு?"

விடியற்காலையில் என்னை ஏற்றிப்போனவரும் இவர்தான். ஒருவர் ஓட்டச் சட்டம் விடும் நேரம் தாண்டியாயிற்று. ஆனால் கம்யூனிஸ்ட் கலகத்தால் அவசரகாலமாச்சே, ஆறு மணிக்கு எஸ்டேட் வேலிக்கதவைப் பூட்டிவிடுவார்கள்; மாற்று டிரைவர் வரும்வரை காத்திருந்தால் நான் வெளியேதான்.

"மத்தியானந்தான் ஏறினாரு லா," என்றேன்.

பஸ் கிளம்பியதும் டிரைவர் தூக்கத்தை விரட்டப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "நானே சொன்னா முதலாளி வேலையைவிட்டுத் தூக்கிடுவாரு. நீங்க சொல்லியிருந்தா மாத்து ஆள் வந்திருப்பான், நான் படுத்திருப்பேன் அண்ணே."

அவர் கண் அசராமலிருக்க, மச்சான் வீட்டு ஆடு கோயில் மாலையைத் தின்ற கதையை எங்கள் எஸ்டேட் இருக்கும் செமிலிங் வரை இழுத்தேன். பிறகு நான் இறங்கிவிட்டேன்.

பஸ் கடைசியாக வந்து நிற்கும் தஞ்சோங் டாவாய்க்காரர்களே, அவர் நல்லபடியாக வந்து சேர்ந்தாரா? ஆட்டுக் கதையில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது.