சிரிக்கக் கூடாத பரீட்சை

"சாம்பல் புதனுக்குப் பிந்திய வெள்ளி. காலையில் பனி. லூர்து இன்றும் சிரித்துவிட்டான். பகல் பலாக்காய்க் கறி."

என் பழைய நாட்குறிப்பில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. திகதி விஷயத்தில் நான் கறாரான ஆள். வீட்டுக்கு வந்த கல்யாணக் கார்டுகளைக்கூட ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். மனைவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் இந்தக் குறிப்புகளில் ஆண்டும் இல்லை, மாதமும் இல்லை. கத்தோலிக்கக் குருமாராகப் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு நாட்காட்டி என்றால் திருநாள்கள்தான். சாம்பல் புதன் இருந்தால் போதும், ஆண்டு எதற்கு? அதையெல்லாம் மறந்துபோகிற வயது ஒன்று வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இதை இப்போது தேடி எடுத்ததற்குக் காரணம் என் மருமகன். போன மாதம் தன் பிறந்தநாளுக்கு எங்களை அம்பிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு விடுதிக்குச் சாப்பிட அழைத்துப் போனார். வண்டி மேட்டில் திரும்பியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது எங்கள் வீடு. எல்லாருக்கும் தெரிந்த பெரிய குருமடம் அல்ல. ஒரு சிறிய துறவற சபை தன் குருமாணவர்களுக்காக நடத்திய பயிற்சி இல்லம். அங்கே நான் இருந்த ஆண்டுகளில் எங்களை வெளியே விட்டது வியாழக்கிழமைகளில் மட்டும்தான், அதுவும் வரிசையாக. இப்போது வாசலில் நீச்சல் குளம்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தார்கள். நடுவில் சல்லடை போலத் துளைகள். அருகே போய் மூக்கை வைத்துப் பார்த்தேன். மெழுகு வாசம் இன்னும் இருந்தது. அல்லது இருந்ததாக என் மூக்கு முடிவு செய்தது. மேசையிலிருந்த பெண், வைஃபை கடவுச்சொல் வாசிக்கத் தெரியவில்லையா என்று சிங்களத்தில் அன்பாகக் கேட்டாள். பலகையின் மேல் அதைத்தான் ஒட்டி வைத்திருந்தார்கள்.

அந்த மெழுகை நாங்களே போட்டோம். சனிக்கிழமை காலை, பலகைக்குப் பூசிய மெழுகையே சிவப்பு நிலத்திலும் தடவி, பாதித் தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்து, மற்றக் காலால் உந்தி, நடைபாதை முழுவதும் வழுக்கிக்கொண்டே போவோம். மௌன நேரத்தில் செய்யவேண்டிய வேலை அது. வாயைத் திறக்காமல் ஓட்டப் பந்தயம் வைத்தோம். மணி அடித்தால் அப்படியே நிற்க வேண்டும். மணி கடவுளின் குரல் என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். கடிதம் எழுதும்போது மணி அடித்தால் எழுத்தின் பாதியில் பேனாவை எடுத்துவிட வேண்டும். என் அம்மாவுக்குப் போன கடிதங்களில் கொம்பு இருந்தும் எழுத்து இல்லாத சொற்கள் உண்டு. இன்னொரு விதி, ஒருவரை ஒருவர் 'பிரதர்' என்றும் 'நீங்க' என்றும்தான் அழைக்க வேண்டும். சண்டையிலும் அப்படியே. "பிரதர், நீங்க ஒரு கழுதை" என்று லூர்து என்னிடம் சொன்னது குறிப்பில் இருக்கிறது. எதற்கென்று இல்லை.

லூர்துசாமி புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கட்டையான உருவம், பெரிய காது. அவன் சிரிப்பு, வெறும் வாளி ஒன்று படிக்கட்டில் உருண்டு போகிற சத்தம் மாதிரி இருக்கும். ஒருமுறை உருளத் தொடங்கினால் கடைசிப் படி வரை போகாமல் நிற்காது.

கடைசி வருடத்தில் எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் பழக்கினார்கள். நாளைக்குக் குருவானதும் சனம் வந்து முழங்காலில் நின்று பாவத்தைச் சொல்லும். அப்போது தடுமாறக் கூடாது, கேட்டதைச் சாகும்வரை வெளியே சொல்லவும் கூடாது. அதற்காகத்தான் அந்தச் சல்லடைப் பலகை. ஒரு மாணவன் இந்தப் பக்கம் கதிரையில் குருவாக உட்காருவான். இன்னொருவன் அந்தப் பக்கம் முழங்காலில் நின்று பாவியாக நடிப்பான். மற்றவர்கள் பார்த்துப் படிப்பார்கள்.

நடத்தியவர் பாதர் கஸ்பார். யாழ்ப்பாணக் கரையோரத்து மனிதர். ஒல்லி, உயரம், தோய்த்து மடித்த அங்கி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதல் வகுப்பிலேயே இரண்டு சட்டம் போட்டார்.

"பிரதர்மார், சொந்தப் பாவத்தை ஒருத்தரும் இஞ்ச கொண்டு வரப்படாது. அதுக்குத்தான் கோயில் இருக்கு. இஞ்ச கற்பனை மட்டும்."

இரண்டாவது, மன்னிப்பு வழங்கும் வார்த்தைகளைப் பற்றி. "அது விளையாட்டுச் சாமான் இல்லை. அந்த இடம் வந்தா வாயைத் திறக்காமப் பலகையில ஒரு தட்டுத் தட்டுங்கோ. அவ்வளவு காணும்."

ஆகவே எங்கள் பயிற்சியில் எல்லாப் பாவமும் ஒரு தட்டில் முடிந்தது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. எங்களுக்குப் பாவங்கள் தெரியாது. மீசை முளைக்கும் முன்பே மணிச் சத்தத்துக்குள் வந்தவர்கள் நாங்கள். பூசையில் தூங்கினேன், இரண்டு தரம் பாயாசம் எடுத்தேன் என்பதற்கு மேல் கற்பனை ஓடவில்லை. பாதர் கஸ்பார் உதட்டைப் பிதுக்குவார். "இந்தப் பாவத்துக்கெல்லாம் பூமியில குருமார் தேவையில்லை."

கடைசியில் குசினிக்குப் போனோம். சமையல்காரர் சூசையண்ணன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாக்காய் வெட்டிக்கொண்டிருப்பார். நாங்களும் உட்கார்ந்து பால் துடைத்துக் கொடுப்போம்.

"பாவம் ஏதும் இருக்காண்ணே?"

"இன்னைக்கு எத்தன பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

"பெருசா, சின்னதா?"

"நடுத்தரமா இருந்தாப் போதும்."

"அப்ப கோழி திருடினதா வச்சுக்குங்க. பக்கத்து வீட்டுக் கோழி. கறியாக்கி அதுல ஒரு கிண்ணம் ஊர்ப் பங்குச் சாமியாருக்குக் குடுத்தீங்க. அவரு நல்லாருக்குன்னு சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டாரு."

எனக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் நான் பாவி, லூர்து குரு. கிண்ணம் வரை சரியாகப் போனது. "அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார், சுவாமி" என்று நான் தலைகுனிந்ததும் சல்லடைக்கு அந்தப் பக்கம் வாளி உருண்டது. என் நடிப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்த மட்டக்களப்புப் பிரதரும் கோழிதான் திருடியிருந்தார். அதற்கு அடுத்தவரும். சூசையண்ணன் எல்லாருக்கும் ஒரே பாவத்தைக் கொடுத்திருந்தார். பாதர் கஸ்பார் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அம்பிட்டியில இவ்வளவு கோழி இல்லை" என்றார்.

லூர்துவின் வாளி இரண்டாம் முறை உருண்டது.

மூன்றாம் முறைதான் நான் மேலே காட்டிய வெள்ளிக்கிழமை. சிரிப்பை அடக்க லூர்து கொச்சிக்காய் என்று நாங்கள் சொல்லும் மிளகாய் ஒன்றை நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணீர் கொட்டியது. பாவியாக நடித்த மட்டக்களப்புப் பிரதர், தன் பாவத்துக்காகக் குரு அழுகிறார் என்று நினைத்து, "சுவாமி, நீங்க மனசு விட்டிராதங்க, நான் திருந்திருவன்" என்று ஆறுதல் சொன்னார். அதற்கு மேல் எந்தக் கொச்சிக்காயும் தாங்காது.

அன்று மாலை இல்லத் தலைவர் லூர்துவை அழைத்தார். குருத்தோலை பிடிக்கும் ஓசன்னா ஞாயிற்றுக்கு முந்திய வாரம் இறுதிப் பரீட்சை. பாதர் கஸ்பாரே பாவியாக வருவார். அதில் சிரித்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவன் வீட்டில், அவன் குருவாகி வைக்கும் முதல் பூசையின் விருந்துக்கென்று ஓர் ஆட்டுக்குட்டியை வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். "நான் பெயிலானா ஆடு பொழைச்சுக்கும்" என்று சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. மட்டையையும் மெழுகையும் ஓரமாக வைத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தோம்.

"அவங்க சொல்றது சரிதான் பிரதர்" என்றான். "ஒரு மனுசன் அழுதுகிட்டு வந்து சொல்றப்ப நான் சிரிச்சிட்டா, அவன் மறுபடி கோயில் பக்கம் வருவானா? அதுக்கு நான் தோட்டத்துல கொழுந்து நிறுக்கப் போறதே மேல்."

"ஏன்தான் சிரிக்கிறீங்க?"

"கேலிக்கு இல்ல. கேக்குறப்ப, நானா இருந்தாலும் இதத்தானே செஞ்சிருப்பேன்னு தோணும். உடனே வந்துருது."

இருவரும் எழுந்து மிச்ச நடைபாதைக்கு மெழுகு தடவினோம்.

பரீட்சை விருந்தினர் அறையில் நடந்தது. கதவு சாத்தியிருக்கும். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து நாங்கள் காத்திருந்தோம். ஒவ்வொருவராக உள்ளே போவார், கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டுச் சத்தம் கேட்கும், வெளியே வருவார். உடனே மற்றவர்கள் மொய்ப்போம், எந்தப் பரீட்சைக்குப் பிறகும் கேட்பது போல: என்ன வந்தது? எனக்குத் தராசில் கள்ளம் செய்கிற கடைக்காரர் வந்தார். தன் மெல்லிய குரலில் பாதர் கஸ்பார் உண்மையான கடைக்காரராகவே ஆகிவிட்டார். நான்தான் பயந்துபோனேன். மட்டக்களப்புப் பிரதருக்கு மாமியாரைத் திட்டும் மருமகள்.

லூர்து கடைசி. கொச்சிக்காய் கொண்டுபோகவில்லை.

காத்திருந்தோம். தட்டு வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. சூசையண்ணன்கூடக் குசினியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "பாதர் கோழிய வச்சே அடிச்சிட்டாரோ?" என்று கிசுகிசுத்தார். பிறகு உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆடு பிழைத்தது என்று நினைத்தேன். ஆனால் அது வாளிச் சத்தம் அல்ல. பழகாத தொண்டையிலிருந்து வரும் காய்ந்த சிரிப்பு, இருமலா என்று சந்தேகப்பட வைப்பது. எங்களில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரியாமலிருந்ததிலிருந்தே யாருடையது என்று தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவர் பாதர் கஸ்பார். கண்ணாடியைத் துடைத்தபடி, "பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். பின்னால் லூர்து.

"என்ன வந்துச்சு?"

"வந்துச்சு."

"கோழியா?"

"கோழி இல்ல."

அவ்வளவுதான். அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. லூர்து ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தது அதுவே முதல் தடவை.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து விடுமுறை வந்தது. பாதர் கஸ்பார் விடுமுறைக்கு எங்கும் போகிறவர் அல்ல. புத்தக அலுமாரிகளைத் தூசி தட்டிக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். அந்த வருடம் என்னைக் கூப்பிட்டுப் பேராதனைச் சந்தி ரயில் நிலையம் வரை பை தூக்கிவரச் சொன்னார். பையில் தேயிலை வாசம். மேலே ஒரு பொதியில் ஆனைக்கொய்யாப் பழங்கள், நசுங்காமல் தன் துவாயில் சுற்றியிருந்தார்.

"எங்க போறீங்க, பாதர்?"

"ஊருக்கு, அண்ணரிட்டப் போறன். பொல்காவலையில மாறி ஏறினா விடியக் கொண்டுபோய் விட்டிடும்."

"பாதருக்கு அண்ணன் இருக்காரா?"

ரயில் வருகிற திசையைப் பார்த்தார். "ஓம். இருக்கிறார்" என்றார். இன்னும் ஏதோ சொல்லப் போகிறவர் போல நின்றுவிட்டு, "பழம் நசியாமப் பிடியும்" என்றார்.

திரும்பி வந்தபோது பனையோலையில் பின்னிய குட்டான் நிறையப் பனங்கட்டி கொண்டு வந்தார். வெறுந்தேநீரோடு எல்லாருக்கும் ஒரு துண்டு. லூர்துவுக்குப் பெரியதாகக் கொடுக்கிறாரா என்று நான் உற்றுப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே அளவு. லூர்துவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. அதைத்தான் நான் குறித்து வைத்தேன்.

லூர்து குருவானான். ஆட்டுக்கறியில் நானும் சாப்பிட்டேன். நல்லாருக்கு என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டேன். நான் அதற்கு முன்பே, யாரோடும் மனக்கசப்பில்லாமல் வெளியே வந்திருந்தேன். வெளியே வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதர் கஸ்பாரை அவர் ஊர்க் கோயிலடியில், அண்ணருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். சூசையண்ணனும் இல்லை. பிள்ளைகள் சேராததால் இல்லத்தை மூடி, கடைசியில் விற்றார்கள். வடக்கே போகும் ரயில் போர்க்காலத்தில் பல வருடம் நின்றுபோய், மறுபடி ஓடுகிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கிற சனிக்கிழமைகளை எங்கள் பங்குக் கோயிலில் நான் கண்டு நாளாகிறது. லூர்துவின் கோயிலில் மட்டும், நாவலப்பிட்டிப் பக்கம், இன்னும் வரிசை இருக்கிறதாம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வருமாம். அது சாமியாருடையதா, பாவியுடையதா என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாதாம்.

விடுதியிலிருந்து வந்த அன்றே அவனுக்குப் போன் எடுத்தேன்.

"டேய், நம்ம பலகையப் பாத்தேன். வைஃபை பாஸ்வேர்ட் ஒட்டி வச்சிருக்காங்க."

வாளி உருண்டது. பிறகு, "நல்லதுதானே. இப்பவும் சனம் அது முன்னால குனிஞ்சுதானே நிக்குது" என்றான்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பாதர் சொன்னது கற்பனையா, சொந்தமா? நீ பலகையில தட்டினியா இல்லையா?"

"அது பரீட்சைடா. பரீட்சைக் கேள்விய வெளிய சொன்னா அடுத்த பேட்ச் காப்பி அடிக்கும்."

"அடுத்த பேட்சே இல்லடா. வீடே இல்ல."



"அதுக்காக?" என்றான்.

ஆகவே என் குறிப்பில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. வாங்கில் காத்திருந்தவர்களில் மட்டக்களப்புப் பிரதர், தட்டுச் சத்தம் கேட்டது என்று இன்றும் சாதிக்கிறார். சூசையண்ணன் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. தட்டு விழுந்ததா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிப்படுத்தப்படவில்லை.