வர்ணத்துக்குள் புகுந்த குரல்

என் கம்ப்யூட்டர் ஓயாமல் பேசும். எனக்குக் கண் தெரியாது. திரையில் இருக்கிறதை எல்லாம் ஸ்க்ரீன் ரீடர் என்கிற மென்பொருள் எனக்குப் படித்துச் சொல்லும். பெண் குரல், அதனால் நான் அதை அவள் என்றுதான் சொல்வேன். பழக்கமில்லாதவர் காதுக்கு அவள் பேசுவது பேச்சாகவே தோன்றாது, அத்தனை வேகம். "ஆரோ தேங்கா துருவற மாதிரின்னா இருக்கு" என்பாள் அம்மா. எனக்கு அந்த வேகம்தான் சௌகரியம். மெதுவாகப் பேசினால் பொறுமை போய்விடும். பொறுமை எனக்கு முதலிலேயே கொஞ்சம் கம்மி.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு நடு அறைதான் என் ஸ்டுடியோ. ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தித் தெருச் சத்தத்தை அடைத்திருக்கிறேன். நாட்டியப் பள்ளிகளுக்குப் பாட்டு ரெக்கார்ட் பண்ணிக் கொடுப்பது என் தொழில். பாடுகிறவர், மிருதங்கம், வயலின், நட்டுவாங்கம் என்று ஒவ்வொருத்தராக வந்து பாடியும் வாசித்தும் விட்டுப் போவார்கள். அதை எல்லாம் வெட்டி, ஒட்டி, ஏற்றி, இறக்கி நான் ஒரே பாட்டாக ஆக்குவேன். ஹெட்ஃபோனில் பாட்டு ஓடும், அதே ஹெட்ஃபோனில் அவளும் பேசுவாள். எந்த ட்ராக், எவ்வளவு சத்தம், எங்கே நிற்கிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல என் விரல் போகும். இரண்டையும் ஒரே சமயத்தில் எப்படிக் கேட்கிறாய் என்று கேட்பார்கள். அடுப்பில் பால் இருக்கும்போது போன் பேசுகிறதில்லையா, அப்படித்தான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, அந்த இசை மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு ஒன்று வந்தது. பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கட்டும். நான் திறந்தபோது அவள் சொன்னது "பட்டன், பட்டன், பட்டன்" என்பது மட்டும்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் படம் வரைந்த புண்ணியவான்கள் உள்ளே அதற்கொரு பெயர் எழுதி வைக்க மறந்துவிட்டார்கள். பெயர் இல்லாததை அவள் எப்படிப் படிப்பாள்? பழைய பதிப்புக்கே போகலாம் என்றால், புதியதில் சேமித்த வேலை அதில் திறக்க மாட்டேன் என்றது. என் சொந்த வீட்டிலேயே நான் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன்.

என்னைப் போன்றவர்கள் இருக்கிற வாட்ஸாப் குழுவில் புலம்பினேன், கொஞ்சம் காரமாகவே. வித்துராவிலிருந்து ஒருத்தர் பதில் போட்டார். கண் தெரிந்தவர். வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவர். பொழுது கிடைக்கும்போது, இந்த மாதிரி மென்பொருளை ஸ்க்ரீன் ரீடரோடு பேச வைக்கிற சின்னச் சின்ன ப்ரோக்ராம்களும் எழுதுவாராம். "சேச்சி, ஒண்ணும் பேடிக்காண்டாம், நான் நேர்ல வந்து பாக்கேன்" என்றார். என்னைவிட மூத்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. சேச்சி என்றால் இந்த ஊர் மலையாளத்தில் அக்கா, ஆனால் அதற்கு வயசுக் கணக்கு கிடையாது.

கிழக்கேகோட்டை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்தே வருவார். வந்தால் காபி குடிக்கிற நேரம் தவிர என் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார். சில சனிக்கிழமைகள் போவதற்குள், ஊமையாய்க் கிடந்த பட்டன்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தன. எனக்கு அழுகை வந்தது, அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆசை மிகுந்துபோய், பாட்டு ஓடும்போதே, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் நான் வைத்திருக்கிற மார்க்கர் என்கிற அடையாளத்தைப் படித்து, எந்தப் பகுதி வந்தது, எந்தப் பகுதி போனது என்று எல்லாவற்றையும் அவளைச் சொல்ல வைத்துவிட்டார்.

"இவ்வளவு பேசினா நான் பாட்டை எப்போ கேக்கறது?" என்றேன்.

"பேசல்லேன்னாலும் திட்டுதீங்க, பேசினாலும் திட்டுதீங்க. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி சேச்சி?"

"மீசை எனக்கு வேண்டாம். கூழ் போதும்."

சிரித்தார். ஆனால் அன்றைக்கு அதை மாற்றவில்லை. மிச்சமிருந்த ஒரு முக்கியமான வேலையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிற்று. முடித்த பாட்டைத் தனி ஃபைலாக வெளியே எடுக்கிற திரை ஜன்னல் இன்னும் பேசாமல்தான் இருந்தது.

எனக்கோ அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியாது. கோட்டைக்குள் இருக்கிற தெரு ஒன்றில் நாட்டியம் கற்றுத் தருகிற டீச்சர் ஒருத்தர் இருக்கிறார். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய பாட்டெல்லாம் என்னிடம்தான். அவர் மாணவியின் அரங்கேற்றத்துக்கு ஒரு வர்ணம். ஒத்திகைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சரி, வேறு வழியில் எடுப்போம் என்று, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, கம்ப்யூட்டருக்குள் கேட்கிற சத்தத்தை அப்படியே அதிலேயே பிடித்தேன். பிறகு உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். நன்றாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். அந்த வர்ணத்தில் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நிற்கிற ஓர் இடம் உண்டு. நாயகி வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறாள். ஹால் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், அதுவரை வாத்தியச் சத்தத்தில் அமுங்கியிருந்தவள், தேங்காய் துருவுகிற வேகத்தில் சொன்னாள்: "மார்க்கர் நாலு, சரணம்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆடிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்துவிட்டாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் கேட்கிற எல்லாவற்றையும் பிடித்தேன் இல்லையா, அவளும் அதில் சேர்ந்து விழுந்திருக்கிறாள். அதுகூடப் பெரிசில்லை. அனுப்பும் முன் முழுவதும் கேட்டேனே? கேட்டேன்தான். அவள் குரலையும் கேட்டேன். அவள் இப்போது பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க என் காதுக்குள் பேசுகிறவள், பாட்டுக்குள்ளிருந்து பேசினால் எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்? உலகத்தில் வேறு எவர் காதாக இருந்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்கும்.

டீச்சர் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "குட்டி, நான் கோபிச்சுண்டு சொல்லலை, கேட்டோ. இனிமே கண்ணு தெரிஞ்ச ஆரையாவது பக்கத்துல உக்காத்திக்கோ. அவா சரின்னு சொன்னா மதி, அது போரும். இல்லேன்னா இதை நான் வேற எடத்துல கொடுக்கறேன். நீ தப்பா நெனச்சுக்கப்படாது."

தப்பாகத்தான் நினைத்தேன். குரல் என்ன கண்ணுக்கா தெரியும்? ஆனால் வாயைத் திறக்க எனக்கு அன்றைக்கு முகம் இல்லை. டீச்சர் நல்லவர், அவர் சொன்னது ஊரெல்லாம் பரவும். எனக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று ஒருதரம் பேச்சு வந்துவிட்டால், பிறகு என் கையால் முடிகிற வேலை ஒன்றுகூட என்னுடையதாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்தவருடையதாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் அம்மா "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றாள். எனக்கு ஆனை உபமானம் எல்லாம் வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன்.

வித்துராக்காரருக்கு போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். "அது எனக்க தப்பாக்கும் சேச்சி. நான் வந்து ஒருதரம் கேட்டுச் சொல்லிடுதேன், அப்போ டீச்சருக்கும் சமாதானம் ஆகும்லா" என்றார்.

"நீங்க கேக்க வேண்டாம். அவளைச் சும்மா இருக்கச் செய்யுங்கோ. நான் கேக்கறேன்."

அவருக்கு அது வருத்தம்தான், குரலில் தெரிந்தது. ஆனாலும் வந்தார். இந்தத் தடவை எதையும் பேச வைக்க அல்ல, அடக்க. பாட்டு ஓடும்போது நான் கேட்டால் ஒழிய அவள் வாயைத் திறக்க மாட்டாள். பேசினாலும் ஹெட்ஃபோனில் பேசாமல், மேஜை மேல் வைத்த ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து பேசுவாள். ஃபைல் எடுக்கிற ஜன்னலுக்கும் பெயர்கள் வந்தன. முடித்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. சேர்ந்து கேட்க நான் கூப்பிடுவேனா என்று பார்த்தார் போலிருக்கிறது. நான் கூப்பிடவில்லை. "செரி, நான் அம்மாட்ட போய்ப் பேசிட்டு இருக்கேன்" என்று எழுந்து போனார். நல்ல மனுஷர்.

கதவைச் சாத்திவிட்டு, சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று, அவளை முழுக்கவே அணைத்தேன். அணைத்தால் எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் வெறும் கல். எந்த விசை எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. ஓடவிட்ட பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி அவள் இல்லாமல் என் மேஜையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. வயலின் இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. தம்புராவுக்கு இப்படி ஒரு அடித்தொண்டை.

சரணத்துக்கு முந்தின அந்த இடம் வந்தது. அவள் இல்லை. ஆனால் அங்கே வேறு எதுவுமே இல்லை, கிணறு வற்றின மாதிரி. பாட்டு நின்று, வெறுமை, பிறகு திடீரென்று சரணம். எனக்குத் திக்கென்றது. அவளை மறுபடி எழுப்பி, பாடினவரின் முதல் பதிவைத் தேடி எடுத்து, அணைத்துவிட்டு அதைக் கேட்டேன். சரணம் எடுக்கும் முன்னால் அந்த அம்மாள் ஒரு மூச்சு இழுத்திருக்கிறார். நீளமான, நடுங்குகிற மூச்சு. ஒவ்வொரு தரமும் சரியாக அந்த இடத்தில் அவள் "மார்க்கர் நாலு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், மூச்சு அவளுக்கு அடியில் போய்விட்டது. காலி இடம் என்று நினைத்து, சுத்தமாக இருக்கட்டும் என்று நானே வெட்டி எறிந்திருக்கிறேன்.

எடுத்து ஒட்டினேன். மேஜை மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். அவமானத்துக்கு இல்லை, அந்த மூச்சு அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்த ஒத்திகையில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடம் நெருங்க நெருங்க, பெண்கள் சிரிக்கத் தயாராகிறது எனக்குத் தெரிந்தது, சின்னச் சின்ன இருமல், கிசுகிசு. வாத்தியங்கள் நின்றன. மூச்சு மட்டும் வந்தது. கிசுகிசு அடங்கிற்று. மேடையில் கொலுசு ஒருமுறை அசைந்து, பிறகு சரணம் எழுந்தது.

"அந்த மூச்சுல அவ தலையைத் தூக்கினா, பாத்துக்கோ" என்றார் டீச்சர் என் காதருகில். எனக்குப் பார்க்க முடியாது என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்தே போயிருந்தது. "நான் சொல்லிக் கொடுக்கலை. தானா தூக்கினா. முந்தி இது இல்லியே."

"வெட்டிப் போட்டிருந்தேன் டீச்சர். எனக்குக் கேக்கவே இல்லை, அதான்."

நாற்காலி கிரீச்சிட்டது. பாட்டு முடிந்தபின், "மார்கழில அடுத்த குட்டிக்கு அரங்கேற்றம்" என்றார். "நீயே செய். ஆரையும் கூப்பிட்டு உக்காத்த வேண்டாம்."

"இதுக்கும் கூப்பிடலை டீச்சர்" என்றேன்.