வாத்தியார் நிற்கவில்லை

இயற்பியல் வாத்தியாருக்கு மோதல் கணக்கென்றால் உயிர். அதை வகுப்பில் நேரிலேயே செய்து காட்ட ஆசைப்பட்டு, ஒரே மாதிரியான இரண்டு உருளும் நாற்காலிகளின் முன்னால் காற்றடைத்த டியூபைக் கட்டினார். முதல் ஒத்திகை வீட்டுக் கூடத்தில், மனைவியோடு.

"உனக்கும் எனக்கும் ஒரே எடை. மோதலுக்கு முன்னாடி இருந்த உந்தமும் ஆற்றலும் பின்னாடியும் அப்படியே இருக்கும். ரெண்டு சமன்பாட்டையும் தீர்த்தா ஒரே விடைதான். நான் வந்து மோதினதும் டக்குனு நின்னுடுவேன். என் வேகம் முழுக்க உனக்கு வந்துடும்."

சுவரை உதைத்துக்கொண்டு வந்து மோதினார். மனைவி விர்ரென்று போனாள். நின்றிருக்க வேண்டிய வாத்தியாரும் அவள் பின்னாலேயே உருண்டார்.

"தரை சரிவா இருக்கு," என்றார்.

"அப்ப இடம் மாத்திக்கலாம்."

இம்முறை அவள் அதே சுவரை உதைத்து வந்து மோதினாள். மோதியவள் வந்த வழியே திரும்பிப் போனாள். வாத்தியார் ஆடி அசைந்து கொஞ்சம் நகர்ந்தார்.

தன்னைவிடக் கனமானதில் மோதினால்தான் ஒரு பொருள் அப்படித் திரும்பும். அது அவருக்கா தெரியாது?

"கடைசியா எப்பங்க எடை பாத்தீங்க?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி."

அசடு வழிய வேண்டிய மனிதர், துள்ளி எழுந்து காகிதம் தேடினார். தன் எடையை ஏற்றிப் போட்டதும் இரண்டு சமன்பாடுகளும் கச்சிதமாகப் பொருந்தின.

"பாத்தியா, கணக்குல தப்பே இல்ல!"

"தப்பு கணக்குல இல்லங்க, தொப்பையில," என்றபடி அவள் டியூபை அவிழ்க்கப் போனாள்.