ரெஜினாவோடு மகாபலிபுரம் வரை

ஞாயிறு காலை ரெஜினாவின் தம்பி வந்தான். சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "அக்கா விடியகாலம் போயிட்டாங்க, டீச்சர். ஜுரம் எறங்கவே இல்ல" என்றான். உட்காரச் சொன்னேன், அவன் உட்காரவில்லை. என்னாலும் உட்கார முடியவில்லை. மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் வரை அவனோடு நடந்தே போனேன்.

மாணவிகளே, உங்களுக்கெல்லாம் அவர் பூகோள டீச்சர். எனக்கு வெறும் ரெஜினா. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். ஆசிரியைகள் அறையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பரீட்சைத் தாள்களைக்கூட ஜன்னலோரம் நின்றபடிதான் திருத்துவாள். விடுமுறை வந்தால் கிண்டிக் காடு, பரங்கிமலை என்று கிளம்பிவிடுவாள். மறுநாள் வகுப்பில் அவள் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்காது.

யுத்தத்தில் ரங்கூன் விழுந்த பிறகு, அங்கே வேலையிலிருந்த என் கணவரைப் பற்றித் தகவலே இல்லை. பள்ளி விட்டு வந்தால் வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைவேன். சோறு இறங்காது. ஒரு நாள் ரெஜினா வந்து, "கமலா, மகாபலிபுரம் வரைக்கும் கடலோரமா நடக்கலாம், வா" என்றாள்.

என் மாமியார் பதறினார். "ரெண்டு பொம்மனாட்டிகள் தனியாவா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் சொல்றதுக்குள்ள நாங்க கோவளம் தாண்டிடுவோம், மாமி."

அடையாறு முகத்துவாரத்தில் எங்களைப் படகில் ஏற்றிய பட்டினப்பாக்கத்து மீனவரும் நம்பவில்லை. "இன்னாம்மா, அவ்ளோ தூரம் நடந்தா? வண்டி கீதே!"

"காலும் கீதே, நைனா!" என்றாள் ரெஜினா.

அன்று கோவளத்தில் அவளுக்குத் தெரிந்த குடும்பத்தில் தங்கினோம். மறுநாள் சிறிது தூரம் போனதுமே நான் நின்றுவிட்டேன். "நான் திரும்பறேன். இந்நேரம் தபால்காரன் வந்திருப்பான்."

"வந்திருந்தா கடுதாசி வீட்டுல இருக்கும், கமலா. அது எங்கயும் போயிடாது. நான்தான் போறேன்."

போயேவிட்டாள். கோபத்தில் மணலில் உட்கார்ந்தேன். அவள் உருவம் சிறுத்துக்கொண்டே போயிற்று. திரும்பினால் மறுபடி அந்த வாசலும் கூடமும்தான் என்று தோன்றியதும் எழுந்து ஓடினேன். மூச்சிரைக்க அவளை எட்டிப் பிடித்தேன். அவள் நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள். காற்று முகத்தில் உப்பை அறைந்தது. தூரத்தில் கோயில் கோபுரம் தெரிந்தபோது எனக்குப் பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு, நன்றாகப் பசித்தது. அவள் பையிலிருந்த ரொட்டி முழுவதையும் நானே தின்றேன்.

வீடு திரும்பியபோது கடிதம் வந்திருக்கவில்லை. இன்றுவரை வரவில்லை. ஆனால் அடுத்த விடுமுறைக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டியது நான்தான்.

கடைசியாக அவளைப் பார்க்கப் போனபோது போர்வைக்குள் அவள் கால்கள் அசைந்துகொண்டே இருந்தன. "படுத்துக் கெடக்கறது பெரிய வேலையா இருக்கு, கமலா" என்று சிரித்தாள்.

என்னிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. நான் வைத்திருப்பது அவள் முதுகை: திரும்பிப் பார்க்காமல், நான் வந்துவிடுவேன் என்று நம்பி, முன்னால் போய்க்கொண்டே இருந்த அந்த முதுகை.