விமலா மேடத்தின் கன்னம்

விமலா மேடம் போய்விட்டார் என்று அவர் கணவர் போன் செய்தபோது, கடையில் ஒருவருக்குச் சுவர் பெயின்ட் கலந்துகொண்டிருந்தேன். கீழ்க்கட்டளையிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். மேடத்தின் கறுத்த முகத்தை வெளுக்கவைத்து, ரோஜா நிறம் ஏற்றி அச்சடித்திருந்தார்கள். செத்த பிறகும் விடமாட்டார்களா என்று வயிறு எரிந்தது. அப்படி எரிய எனக்கு அருகதை இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு வகுப்பில் கூடப் படித்த உங்களுக்கு என் முதல் நாள் கூத்து நினைவிருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் ஆயில் பெயின்டிங் கற்க வந்தவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரிடம், "மேடம், ஸ்கின் கலர் எந்த ட்யூப்?" என்று கேட்டேன். காலமெல்லாம் ஷேட் கார்டு காட்டிப் பெயின்ட் விற்றவன் வேறெப்படிக் கேட்பான்?

"அப்படி ஒரு கலரே கிடையாது பாய். எதிர்ல உக்காந்திருக்கவங்களைப் பாருங்க, அங்கதான் இருக்கு" என்றார்.

வெள்ளை, கறுப்பு, காவி மஞ்சள், மங்கிய சிவப்பு. இந்த நான்குக்கு மேல் தொட விடவில்லை. கறுப்பில் வெள்ளையைக் கலந்து அந்தச் சிவப்பின் பக்கத்தில் வைத்தால் நீலமாகத் தெரியும் என்பதை நம்பவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

சிறுநீரகம் பழுதான பிறகு அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. மாடல் வராத ஒரு ஞாயிறு அவரே நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்படி இருக்கேனோ அப்படியே போடுங்க பாய். வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றாங்க. ஒருத்தராவது பார்த்துப் போடுங்க" என்றார்.

நெற்றி, மூக்கு, கழுத்து எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. கன்னத்துக்கு வந்ததும் எனக்கு மனம் வரவில்லை. சிவப்பைக் கூடுதலாகக் குழைத்துப் பூசிவிட்டேன். நீங்களும் சுற்றி நின்று நன்றாக இருக்கிறது என்றீர்கள்.

மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. "இவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே பாய்" என்றார். கலர் குழைக்கும் கத்தியை எடுத்துப் படத்தில் கன்னத்தை மட்டும் வழித்தார். "அடுத்த வாரமும் உக்காருறேன். பயப்படாம போடுங்க."

அடுத்த ஞாயிறு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பவில்லை.

பதினாறாம் நாளுக்கு வைக்க அந்தப் படத்தை முடித்துத் தரச் சொன்னார் அவர் கணவர். "கொஞ்சம் கலரா இருக்கட்டும் பாய்." முடியாது என்றேன். அவருக்கு வருத்தம்தான்.

வழித்த கன்னத்தோடு படம் என்னிடமே இருக்கிறது. அன்று அவர் முகத்திலிருந்த நிறம் எனக்குத் தெரியாமல் இல்லை. பலகையில் கலந்தும் வைத்திருந்தேன். கன்னத்தில் எடுத்துப் போடவில்லை.