கோடு படுத்த அரைமணி நேரம்

செய்முறைத் தேர்வுக்கு அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்கும் எனக்கும் ஆகாது. போன வருஷம் நான் அங்கே எக்ஸ்டர்னலாகப் போனபோது, எரியாத மைக்ராஸ்கோப் பல்பைக் காட்டி, இதுக்குப் பொங்கல் லீவா தீபாவளி லீவா என்று அவருடைய மாணவர்கள் முன்னால் கேட்டுத் தொலைத்தேன். இந்த வருஷம் அவர் பெரம்பலூரில் எங்கள் கல்லூரிக்கு வந்தார். நான் வைத்த வணக்கத்தை வாங்காமல், ஷூவில் படிந்த சிமெண்ட் தூசியை எங்கள் மிதியடியில் நிதானமாகத் தேய்த்தார்.

சீட்டு எடுத்ததில், லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் என் மாணவிக்கு பாக்டீரியாவின் வளர்ச்சிக்கோடு வரையும் சோதனை வந்தது. குடுவையில் கொஞ்சம் குளுக்கோஸ், நிறைய லாக்டோஸ், அதில் ஈ.கோலை பாக்டீரியா. அது பெருகப் பெருகக் குடுவை கலங்கும்; பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கலங்கலை அளந்து வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பாக்டீரியா முதலில் குளுக்கோஸைத்தான் தின்னும். அது இருக்கும்வரை லாக்டோஸுக்கான ஜீன்கள் கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். தீர்ந்தால் வளர்ச்சி நிற்கும். ஜீன்கள் திறந்து புது நொதிகள் தயாரானதும் மறுபடி ஏறும். இரண்டு ஏற்றம், நடுவில் ஒரு சமதளம். அந்தப் படத்துக்குத்தான் மார்க். அந்த மார்க்கை வைத்துத்தான் அவள் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வருஷக்கணக்காக இதை நடத்துகிறவன் நான்.

எக்ஸ்டர்னல் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கோடு படுத்தது. மூன்று புள்ளி, ஒரே மட்டம். நான் நடத்தியது அத்தனையும் ஆவியாகிவிட்டது. செத்துப்போச்சு, அந்த ஆள் வந்து சிரிக்கப்போகிறான் என்பது மட்டும்தான் மண்டைக்குள். எனக்கு மயக்கம் வந்தால் குடிக்க டிராயரில் வைத்திருந்த குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு ஸ்பூன் குடுவைக்குள் தட்டினேன்.

"சார், அது சாவலை சார். லாக்டோஸுக்கு மாறிக்கிட்டு இருக்கு."

பேசாம அளம்மா என்றேன். அளந்தாள். கோடு கூச்சமே இல்லாமல் ஏறியது. குளுக்கோஸ் கிடைத்த பிறகு எந்த பாக்டீரியா லாக்டோஸுக்கு மெனக்கெடும்? உயிர் கொடுத்துவிட்ட பெருமையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். சமதளம் முடியும் இடத்தில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் அவளுடைய முத்து முத்தான கையெழுத்து: 'இங்கே சார் குளுக்கோஸ் போட்டார்.'

அவர் என் பக்கம் திரும்பினார். "டிரிப்ஸ் ஏத்திட்டீங்களா சார்? பெட்டுல சேக்கலையா?"

பிறகு என்னை அங்கேயே நிற்கவைத்துக்கொண்டு, சார் கை வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளைக் கேட்டார். லாக்டோஸில் வராமல் போன இரண்டாவது ஏற்றத்தைப் புள்ளிக்கோட்டில் வரைந்து காட்டினாள். மூடிய ஜீன், திறந்த ஜீன் என்று என் பாடத்தை என் எதிரிலேயே ஒப்பித்தாள். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

முழு மார்க் போட்டார். அவள் மேல் பாசமில்லை, என் மேல் இருந்த காண்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மார்க் ஷீட்டில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் குளுக்கோஸ் பாக்கெட்டை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல நீங்க ஒரு ஸ்பூன் போட்டுக்குங்க சார்."

போட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.