வசந்தாமணிக்கு வராத பெயர்

அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் ஊரில் கொங்கு நாட்டுக்காரர்கள் வீட்டில் விசேஷம் என்றால் அரிசிம்பருப்பு சாதத்துக்கு வசந்தாமணிதான். ஐம்பது பேருக்கு என்றாலும் கையளவிலேயே உப்புப் போட்டு, ருசி பார்க்காமல் இறக்கி வைத்துவிடுவாள். பாராட்டாத வாய் கிடையாது. அந்தக் கையின் விரல் நுனிகள் ஏன் அப்படிக் காய்த்துப் போயிருக்கின்றன என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வந்தது என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

காய்ப்பு வந்தது கோட்டோ வாசித்து. கோட்டோ ஜப்பானியர்களின் வாத்தியம். ஆள் நீளத்துக்கு ஒரு மரம், அதன்மேல் பதின்மூன்று நரம்புகள், ஒவ்வொரு நரம்புக்கும் அடியில் இப்படியும் அப்படியும் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை. வலக்கையின் மூன்று விரல்களில் நகம் மாட்டி மீட்ட வேண்டும், இடக்கையால் நரம்பை அழுத்தி அழுத்திச் சுரத்தை ஏற்ற வேண்டும். அவளுடைய ஏழு வயது மகள் ரோஷினி, எங்கம்மா இஸ்திரிப் பலகையை வாசிப்பாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண்ணுக்கு இது எங்கே கிடைத்தது என்றால், யோகஹாமாவில். 1990-ல் கல்யாணம் ஆன கையோடு கணவன் வெள்ளியங்கிரி அவளை அங்கே அழைத்துக்கொண்டு போனான். அவனுக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுக்குப் பகல் முழுவதும் சுவர். பேட்டை மன்றத்தில் வெளிநாட்டுப் பெண்களுக்கு இலவச வகுப்பு என்று ஒரு காகிதம் கதவிடுக்கில் வந்தது. சமையல் வகுப்பு என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எதிரே கோட்டோ இருந்தது. எழுந்து வர வெட்கமாக இருந்ததால் உட்கார்ந்தவள், ஐந்து வருஷம் எழுந்திருக்கவில்லை.

1995-ல் வெள்ளியங்கிரிக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. பெட்டி படுக்கையோடு கோட்டோவும் ஃப்ரீமான்ட் வந்து சேர்ந்தது. யோகஹாமா குருவம்மாள் ஒரு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மரபில் கடிதம் இல்லாமல் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டிவிட முடியாது. யாருடைய மாணவி, யார் அனுப்பினார், விடை பெற்றுக்கொண்டு வந்தாளா ஓடி வந்தாளா என்றெல்லாம் கேட்பார்கள். சான் ஹோசேயில் ஒகுமுரா சென்செய் அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துத்தான், வியாழக்கிழமை வாருங்கள் என்றார். சென்செய் என்றால் அவர்கள் பேச்சில் ஆசிரியர். ஒகுமுரா சென்செய் காலையில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் முன்மேஜையில் உட்கார்ந்து போன் எடுப்பார், மதியத்துக்கு மேல் கோட்டோ. இருபத்திரண்டு வருஷமாக அமெரிக்காவில் அதே பிழைப்பு.

வியாழன்தோறும் வசந்தாமணி பழைய டொயோட்டாவின் முன்சீட்டைச் சாய்த்து, கோட்டோவைக் குறுக்காக உள்ளே விட்டு, அதன் தலை தன் தோளில் இடிக்க இடிக்க ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டு போவாள். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி. ஐந்து வருஷத்தில் அவள் தவறவிட்ட வியாழக்கிழமைகள் இரண்டுதான்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு பெயர். கற்றவர்கள் எல்லாரும் அந்த மரபில் கலைஞர்கள் ஆகிவிடுவதில்லை. டோக்கியோவில் தலைமை வீடு என்று ஒன்று இருக்கிறது. மாணவி பக்குவப்பட்டுவிட்டாள் என்று குருவுக்குத் தோன்றினால் அங்கே எழுதுவார், அவர்கள் சம்மதித்தால் புதுப் பெயர் ஒன்று வரும். குருவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து, அவளுக்கென்று ஓர் எழுத்து. அந்தப் பெயர் இருந்தால்தான் அவர்கள் மேடையில் உட்காரலாம், நாலு பேருக்குச் சொல்லித் தரலாம். இல்லாவிட்டால் வீட்டில் வாசித்துக்கொள்ளலாம், யார் வேண்டாமென்றது?

பெயரை வைத்துக்கொண்டு சம்பாதிக்கப் போவதில்லை. எச்-4 விசாவில் சம்பளத்துக்குத் துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. அரசாங்கப் படிவங்களில் எல்லாம் அவளைக் கணவனைச் சார்ந்திருப்பவள் என்றுதான் எழுத வேண்டும், பத்து வருஷமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பன் ஆத்தா வைத்த பெயர் இருக்கிறது, மிசஸ் வெள்ளியங்கிரி இருக்கிறது. தன் கை தேய்ந்து தானே வாங்கிய பெயர் ஒன்று இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டாள். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பெயரைப் பற்றி மாணவி கேட்கக் கூடாது. அது வசந்தாமணிக்குத் தெரியும். ஆனால் 1998-ல் ஒருநாள் சென்செய் தானாகவே, இன்னும் கொஞ்சம், என்றார். அன்றைக்கு அவள் ஃப்ரீவேயில் வெளியேற வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஃப்ரீமான்ட்டையே தாண்டிப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷமும் சென்செய், இன்னும் கொஞ்சம், என்றார். வீட்டில் வந்து சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளியங்கிரி கெட்டவன் அல்ல. அதுதான் இந்தக் கதையில் பெரிய கஷ்டம். கெட்டவனாக இருந்தால் அவளுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவனுக்கு அவள் வாசிப்பதில் ஒன்றும் புரியாது, ஆனால் அவள் வாசிக்கும்போது டிவியை அணைத்துவிடுவான். அவனுடைய கோளாறு வேறு. எந்தக் காகிதமானாலும் பின்னாலேயே போய்த் தள்ளினால்தான் நகரும் என்பது அவன் வேதம். ஊரில் அப்பாவுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் எம்.எல்.ஏ. லெட்டரில்தான் வந்தது. இங்கே கிரீன் கார்டு காகிதம் மூன்று வருஷமாகக் கிடந்தபோது வக்கீலுக்கு வாரம் ஒரு போன் போட்டவன் அவன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள் அல்லவா, அவன் எப்போதும் பூசாரியை விட்டுவிட்டு நேராகச் சாமியிடம் போகிற ரகம்.

2000-ஆவது வருஷம் ஏப்ரலில் அவன் வசந்தாமணியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டோக்கியோ தலைமை வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினான்.

மே மாதம் முதல் வியாழன் பாடம் முடிந்ததும் ஒகுமுரா சென்செய் நகங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தபடி, கொஞ்ச நாள் வீட்டிலேயே பழகுங்கள், நானே கூப்பிடுகிறேன் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வசந்தாமணி குனிந்து வணங்கிவிட்டு வந்தாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. போன் மணி அடித்தபோதெல்லாம் கை ஈரத்தோடு ஓடினாள். ஜப்பானியர்கள் நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னால் என்ன பொருள் என்பது ஐந்து வருஷம் அங்கே இருந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். தனக்கு அப்படி இருக்காது என்று நினைத்தாள்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலை, கூடப் படித்த நாகாய் என்ற அம்மாள் போன் செய்தார். சுற்றி வளைத்து, தட்பவெப்பம் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். உங்கள் வீட்டிலிருந்து டோக்கியோவுக்குக் கடிதம் ஏதாவது போனதா? சென்செய் தலைமை வீட்டுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறார். யோகஹாமா குருவம்மாளும் எழுத வேண்டியதாகிவிட்டதாம். இலையுதிர் காலத்தில் சென்செய் டோக்கியோ மேடையில் வாசிப்பதாக இருந்ததே, அதிலிருந்து அவரே விலகிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு வந்தாள். வெள்ளியங்கிரி லாண்டரி ரூமிலிருந்து வந்த துணிகளைச் சோபாவில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, டோக்கியோவுக்கு லெட்டர் ஏதாச்சும் போட்டீங்களா?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பதில் வந்துருச்சா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான், மணி, உன்கிட்ட சொல்லல."

கடிதத்தைக் காப்பி எடுத்து வைத்திருந்தான். கிரீன் கார்டு ஃபைலிலேயே செருகி வைத்திருந்தான். நான்கு பக்கம். அவள் படித்த வருஷங்கள், கற்ற பாட்டுகளின் பட்டியல், யோகஹாமா குருவம்மாளின் அறிமுகக் கடிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ், அவளுக்குத் தெரியாமல் அடுத்த அறையில் இருந்து பதிவு செய்த ஒரு கேசட். கடைசிப் பக்கத்தில், ஒகுமுரா அவர்களுக்கு வேலைப் பளுவினால் இந்த விஷயம் கவனத்திலிருந்து நழுவியிருக்கலாம், தாங்கள் விரைவுபடுத்தித் தர வேண்டும் என்று இருந்தது. யோகஹாமா கம்பெனியில் ஐந்து வருஷம் எழுதிப் பழகியவன், ஜப்பானிய மொழியில் ஒரு பிழை கிடையாது. பிழை இருந்திருந்தால், வெளிநாட்டான், தெரியாமல் எழுதிவிட்டான் என்று மன்னித்திருப்பார்களோ என்னவோ.

அவள் அழுது அவன் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தான். விஷயம் விளங்கியதும், ஃபாலோ அப் பண்ணறது ஒரு குத்தமா என்று முதலில் கேட்டான். பிறகு அவனும் மடித்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஒரு வாரம் அந்த வீட்டில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. வசந்தாமணி அவனை வெறுத்தாள். இதை மென்று முழுங்கிச் சொல்வதற்கில்லை. அவன் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே அவளுக்கு உடம்பு எரிந்தது.

மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். தாம்பாளத்தில் தேங்காய் பழம் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் காலில் விழுந்துவிடலாம், கல்லும் கரையும் என்றான் வெள்ளியங்கிரி. நீங்கள் வண்டி மட்டும் ஓட்டுங்கள், இறங்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். சான் ஹோசே ஜப்பான் டவுனில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கி, மடிப்புக் கலையாமல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பத்து வருஷத்தில் கற்றுக்கொண்ட மரியாதை அத்தனையையும் அன்றைக்குக் கட்டிக்கொண்டு போனாள்.

ஒகுமுரா சென்செய் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே வசந்தாமணி இடுப்பு வரை குனிந்து, குனிந்தபடியே பேசினாள். தனக்குத் தெரியாது என்றாள். தன் கணவன் நல்லது என்று நினைத்துச் செய்துவிட்டான் என்றாள்.

சென்செய் எல்லாம் கேட்டுவிட்டு, ஜப்பானிய மொழியில் மெதுவாகச் சொன்னார்.

"மார்ச் மாதமே உங்களுக்காக எழுதி அனுப்பிவிட்டேன். பெயரும் நானே தேர்ந்தெடுத்தேன். ஏப்ரலில் உங்கள் வீட்டுக் கடிதம் போயிருக்கிறது. என் மாணவிக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்பதை டோக்கியோ சொல்லி நான் தெரிந்துகொண்டேன். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்."

மார்ச்! அதற்கு மேல் வசந்தாமணிக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்கக் கூடாத ஒன்றைத்தான் வாய் கேட்டது.

"என்ன பேர், சென்செய்?"

"கொடுக்கப்படாத பெயர் என்று ஒன்று இல்லை, வசந்தா சான்," என்றார் அவர், சான் என்ற மரியாதைச் சொல் குறையாமல். குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் தணியும் என்று காத்திருக்கலாம். இனிப்புப் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். இவளைவிட இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குனிந்தார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

வசந்தாமணி காரில் ஏறினாள். வெள்ளியங்கிரி வண்டியை 880 ஃப்ரீவேயில் ஏற்றினான். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். தான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று தோன்றியதும் சொல்லிவிட்டாள்.

"மார்ச்லயே எழுதி அனுப்பிச்சுட்டாங்களாமுங்க. பேரே வெச்சுட்டாங்களாம். வெண்ணெ தெரண்டு வரயில தாழிய ஒடச்சுப்போட்டீங்க."

அவளுக்கு வேறு குரு கிடைக்க மாட்டார். பே ஏரியா வட்டாரத்தில் இருக்கிற நாலைந்து பேரும் முதலில் கேட்கப் போவது, யாருடைய மாணவி என்பது. அதற்கு இனி அவளிடம் பதில் கிடையாது. யோகஹாமாவுக்கு எழுத முகம் கிடையாது. இதெல்லாம் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள்.

மௌரி அவென்யூவில் இறங்கி, முதல் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது வெள்ளியங்கிரி மூக்கை உறிஞ்சினான். கன்னத்தில் ஈரம். துடைக்கவில்லை.

"மணி," என்றான். "தப்பு என்மேலதான்னு டோக்கியோவுக்கு வெளக்கமா இன்னொரு லெட்டர் போட்டுப் பாக்கட்டுமா?"

வசந்தாமணி திரும்பி அவனைப் பார்த்தாள். கேலி இல்லை, சமாதானம் இல்லை. நிஜமாகவே கேட்கிறான். சரி என்றால் இன்றைக்கே உட்கார்ந்து எழுதி, காப்பி எடுத்து வைத்துவிட்டு, திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடுவான். அவனுக்குத் தெரிந்த ஒரே அன்பு அது. ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்த கோபம் கையிலிருந்து நழுவுவதை அவள் உணர்ந்தாள். இந்த ஊரில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் போயிற்று. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போன மாதிரி இருந்தது.

"பச்சை விழுந்துருச்சுங்க," என்றாள். "போங்க."